விகதகுமாரன் எடுத்த அகஸ்தீஸ்வரத்துக்காரர்

கேரள அரசு திரைப்படத் துறைக்கு வழங்கும் விருதுகளில் மிக உயர்ந்தது ஜே.சி. டேனியல் விருது. மலையாளப் படங்களுக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்தவர்களுக்கு அது அளிக்கப்படுகிறது. பரிசுத் தொகை 5 லட்சம் ரூபாய். பாடகர் ஜேசுதாஸ், எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர், நடிகை ஷீலா போன்றோர் அதைப் பெற்றிருக்கிறார்கள்.

யாருடைய பெயரால் இந்தப் பரிசு வழங்கப்படுகிறதோ அந்த மனிதர் ஒரு தமிழர். குமரி மாவட்டத்து அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர். திருவனந்தபுரத்தில் முதன்முதலாக ஸ்டூடியோ அமைத்து, முதன்முதலாகப் படம் எடுத்தவர். அதற்காகச் சொத்து சுகம் எல்லாவற்றையும் இழந்தவர். வயதான காலத்தில் உதவி கேட்டபோது, நீர் தமிழ்நாட்டுக்காரர், அங்கே போய்க் கேளும் என்று கைவிரிக்கப்பட்டவரும் அவரே.

வசதியான வீட்டுப் பிள்ளை

ஜோசப் செல்லையா டேனியல் 1900-ம் ஆண்டு நவம்பர் 28-ந் தேதி பிறந்தார் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் கணக்கு. 1893 என்று சொல்பவர்களும் உண்டு. நாடார் கிறிஸ்தவக் குடும்பம். நிலபுலன்களுக்குக் குறைவில்லை. அந்த நாளில் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அனைத்தும் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தன. நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்குப் படிப்பு, வழக்கு, உத்தியோகம் எதுவானாலும் திருவனந்தபுரம்தான் தலைநகரம். டேனியலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில்தான் படித்தார். இன்றைய யூனிவர்சிடி காலேஜ் அதுவே.

படிப்பைக் காட்டிலும் அவருக்கு அதிக நாட்டம் களரிப் பயிற்சியில் இருந்தது. வாள் வீச்சு, அடிமுறை முதலியவற்றை முறையாகக் கற்றார். இந்தியர்களின் வாள் வித்தை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதி வெளியிட்டார். நம் நாட்டு வீரக் கலைகள் மறைந்து கொண்டே வருகின்றன, அவற்றை உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை அவர் மனத்தில் வேரூன்றியது. புத்தகத்தைப் படித்தவர்கள் சிலர்தான். ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டினாலும் எத்தனை பேர் பார்ப்பார்கள்? சினிமாவில் காட்டினால் ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கானோர் பார்ப்பார்களே என்று அவருக்குத் தோன்றியது. அப்படித்தான் களரி மாணவர் சினிமாக்காரர் ஆனார்.

தொழில் கற்ற விதம்

தாதாசாகேப் பால்கேயின் ராஜா ஹரிச்சந்திரா 1913-ல் பம்பாயில் வெளியாயிற்று. அதைத் தொடர்ந்து சென்னையில் நடராஜ முதலியார் கீசக வதம் என்ற ஊமைப்படத்தை எடுத்தார். ஆனால் திருவிதாங்கூரில் படம் பார்க்கும் பழக்கம் இருந்ததே தவிர, படம் எடுப்பவர் ஒருவரும் இல்லை. கற்றுக் கொடுக்கவும் ஆள் கிடையாது.

டேனியல் முதலில் சென்னைக்குப் போனார். அங்கே ஸ்டூடியோக்காரர்கள் அவரை உள்ளே விடவில்லை. தொழில் இரகசியம் வெளியே போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு. பிறகு பம்பாய்க்குச் சென்றார். அங்கே ஒரு யுக்தி செய்தார். தாம் ஒரு பள்ளி ஆசிரியர் என்றும், மாணவர்களுக்குச் சினிமாவைப் பற்றிப் பாடம் சொல்ல விரும்புவதாகவும் கூறி ஸ்டூடியோக்களுக்குள் நுழைந்தார். காமிரா எப்படி ஓடுகிறது, பிலிம் எப்படிக் கழுவப்படுகிறது, துண்டுகள் எப்படி ஒட்டப்படுகின்றன என்பதையெல்லாம் கவனித்துத் தெரிந்து கொண்டார். தேவையான கருவிகளையும் சேகரித்துக் கொண்டு ஊர் திரும்பினார்.

1926-ல் திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். கேரள மண்ணில் முதல் ஸ்டூடியோ அதுதான். பட்டம் பகுதியில், இன்று பப்ளிக் சர்வீஸ் கமிஷன் அலுவலகம் இருக்கும் இடத்துக்கு அருகே அது அமைந்திருந்தது. உத்தியோகத் தேர்வு விஷயமாக அந்த அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

ஸ்டூடியோவுக்கும் படத்துக்கும் பணம் வேண்டியிருந்தது. குடும்ப நிலத்தை விற்றார். ஏறத்தாழ 4 லட்சம் ரூபாய் கிடைத்தது என்று சொல்கிறார்கள். ஒரு பவுன் தங்கம் 15 ரூபாய்க்குள் கிடைத்த காலம் அது. மனைவி ஜானெட் தம் நகைகளையும் கொடுத்து உதவினார்.

கடத்தப்பட்ட பிள்ளையின் கதை

அக்காலத்தில் இந்தியாவில் படம் எடுக்க முனைந்தவர்கள் பெரும்பாலும் புராணக் கதைகளையே நாடினார்கள். இராமனும் கிருஷ்ணனும் திரையில் தோன்றினால் ஜனங்கள் கும்பிட்டுக் கொண்டு வருவார்கள், நஷ்டம் வராது என்பது கணக்கு. டேனியல் அந்தப் பாதையில் போகவில்லை. தம் காலத்து மனிதர்களைப் பற்றிய சமூகக் கதை ஒன்றைத் தாமே எழுதினார். அதுவும் ஒரு குற்றக் கதை. பெயர் விகதகுமாரன். தொலைந்து போன பிள்ளை என்று பொருள்.

திருவிதாங்கூரில் ஒரு பணக்காரரின் மகன் சந்திரகுமார். அவனைப் பூதநாதன் என்ற கொடியவன் சிறு வயதில் கடத்திக் கொண்டு இலங்கைக்குப் போய்விடுகிறான். பெற்றோர் தேடாத இடமில்லை, பிள்ளை கிடைக்கவில்லை. சந்திரகுமார் ஒரு தோட்டத்தில் கூலியாக வளர்கிறான். தோட்டத்தின் வெள்ளைக்கார முதலாளி அவனுடைய நல்ல குணத்தைக் கண்டு ஆதரிக்கிறார். நாளடைவில் சந்திரகுமாரே சூப்பிரண்டு பதவிக்கு உயர்கிறான். அச்சமயம் அவனுக்குத் தூரத்து உறவான ஜெயச்சந்திரன் என்ற வாலிபன் இலங்கைக்கு வருகிறான். பூதநாதன் அவனுடைய உடைமைகளை எல்லாம் கொள்ளையடிக்கிறான். கையில் ஒன்றுமில்லாமல் நின்ற ஜெயச்சந்திரனுக்குச் சந்திரகுமார் நண்பனாகிறான். உறவு இருவருக்கும் தெரியாது. இருவரும் திருவிதாங்கூருக்கு வருகிறார்கள். அங்கே சந்திரகுமாரின் தங்கைக்கும் ஜெயச்சந்திரனுக்கும் காதல் பிறக்கிறது. பூதநாதன் அந்தப் பெண்ணையும் கடத்த முயல்கிறான். நண்பர்கள் தடுத்துக் காப்பாற்றுகிறார்கள். முதுகில் இருந்த ஒரு தழும்பினால் சந்திரகுமார் இன்னார் என்று தெரிய வருகிறது. குடும்பம் ஒன்று சேருகிறது.

இருட்டும் துப்பாக்கியுமாக ஹாலிவுட் குற்றப்படங்கள் உலகத்தைக் கலக்கியது 1940-களில். வீணை எஸ். பாலசந்தர் பாட்டே இல்லாமல் தமிழில் அந்த நாள் என்ற கொலைக் கதையை எடுத்தது 1954-ல். அவற்றுக்கெல்லாம் முன்பே, கடத்தல், கொள்ளை, மறைந்து கிடக்கும் அடையாளம், கடைசியில் துலங்கும் உண்மை என்ற சரக்குகளை வைத்துத் திருவனந்தபுரத்தில் ஒருவர் கதை பின்னியிருக்கிறார். இலங்கைத் தோட்டத்துக் கூலியை அதில் கொண்டு வந்ததும் கவனிக்கத்தக்கது. தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தோட்டங்களுக்குக் கப்பலேறிக் கொண்டிருந்த காலம் அது. கடல் கடந்து போய்க் காணாமல் போன பிள்ளை என்பது அன்று வெறும் கற்பனையல்ல.

இந்தப் படத்தின் கதை, டைரக்‌ஷன், படப்பிடிப்பு, எடிட்டிங் எல்லாவற்றிலும் டேனியலின் கையே இருந்தது. பணமும் அவருடையதுதான். ஜெயச்சந்திரன் வேடத்தில் நடித்ததும் அவரே. அவருடைய மகன் சிறுவன் வேடத்தில் தோன்றினான். பூதநாதனாக நடித்தவர் ஜான்சன். பிற்காலத்தில் தமிழிலும் மலையாளத்திலும் புகழ் பெற்ற நடிகை பி.எஸ். சரோஜாவின் தகப்பனார் அவர்.

கதாநாயகி கிடைக்கவில்லை

சரோஜினி என்ற நாயர் குடும்பத்துப் பெண்ணாக நடிக்க ஆள் தேடியபோதுதான் சிரமம் வந்தது. ஆண்களே பெண் வேடம் போட்டு வந்த காலம். குடும்பப் பெண்கள் காமிராவுக்கு முன் நிற்க முன்வரவில்லை. பம்பாயிலிருந்து லானா என்ற நடிகையை வரவழைத்தார்கள். அந்த அம்மாள் கேட்ட வசதிகள் டேனியலின் சக்திக்கு மீறியவையாக இருந்தன. ஆகவே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்போது கிடைத்தவர்தான் பி.கே. ரோசி. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த, தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த ஏழைப் பெண். கூலி வேலை செய்து பிழைத்தவர். காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழக்கம் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்து பேசி ஆடும் நாட்டுப்புறக் கூத்து அது. கூலி வேலைக்குப் போவது போலவே மத்தியானச் சோற்றைக் கையில் கட்டிக் கொண்டு அவர் படப்பிடிப்புக்கு வருவார் என்றும், சாயங்காலம் வழக்கமான வேலைக்குத் திரும்பி விடுவார் என்றும் சொல்வார்கள்.

அன்றைய திருவிதாங்கூரின் நிலையை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அபாயம் விளங்கும். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. பெரியார் ஈ.வே.ரா. அதில் கலந்து கொண்டு சிறை சென்றார். கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936-ல்தான். டேனியல் பிறந்த நாடார் சமூகத்துப் பெண்களே மேலாடை அணியும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் அடிபட்டார்கள். 1859-ல் மகாராஜா அனுமதி அளித்தபோதும், மேல் சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. உடையே சாதியைச் சொன்ன அந்த நாட்டில், ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு நாயர் பெண்ணின் உடையை உடுத்தித் திரையில் நிறுத்தினார் டேனியல்.

காப்பிட்டல் கொட்டகையில் கல் வீச்சு

விகதகுமாரன் 1928 நவம்பர் 7-ந் தேதி வெளியானது என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பிற்கால ஆராய்ச்சிகளின்படி அது 1930-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி என்று தெரிகிறது. திருவனந்தபுரம் காப்பிட்டல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டது. பிரபல வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை துவக்கி வைத்தார்.

ரோசியோடு ஒரே கொட்டகையில் உட்கார்ந்து படம் பார்க்கப் பெரிய மனிதர்கள் தயாராக இல்லை. ஆகவே கதாநாயகிக்கே முதல் காட்சிக்கு அழைப்பு இல்லை. தைரியமாகப் படம் எடுத்த டேனியலும் இந்த விஷயத்தில் ஊருக்குப் பணிந்து விட்டார் என்றுதான் கொள்ள வேண்டும். அழைப்பு இல்லாமலே ரோசி வந்தார். அடுத்த காட்சி வரை வெளியே காத்திருக்க வைத்தார்கள்.

காத்திருந்தும் பலனில்லை. கதாநாயகன் கதாநாயகியின் தலையில் இருந்த பூவை முத்தமிடும் காட்சி வந்ததும் கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. திரையின் மீது கற்கள் பறந்தன. திரை கிழிந்தது. ரோசியைத் துரத்தினார்கள். பிறகு அவருடைய குடிசைக்குத் தீ வைத்தார்கள். உயிர் தப்பினால் போதும் என்று ஓடிய அந்தப் பெண், தமிழ்நாட்டுப் பக்கம் போன ஒரு லாரியில் ஏறிக் கொண்டார். லாரியை ஓட்டி வந்த கேசவ பிள்ளை என்பவரையே பின்னர் மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். ஒரு காலத்தில் சினிமாவில் நடித்தவர் என்பது அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. 1988-ல் காலமானார். தாம் நடித்த ஒரே படத்தை அவர் ஒரு முறையாவது முழுதாகப் பார்த்தாரா என்பது சந்தேகமே.

எல்லாம் போயிற்று

படம் வேறு சில ஊர்களிலும் ஓடியது. போட்ட முதல் திரும்பவில்லை. டேனியல் அப்போதும் தம் பழைய ஆசையை விடவில்லை. அடிதடி முறை என்ற பெயரில் களரி வித்தையைப் பற்றிய ஒரு செய்திப் படத்தை 1931-ல் எடுத்தார். அதே 1931-ல் காளிதாஸ் என்ற முதல் தமிழ்ப் பேசும் படம் வந்துவிட்டது. ஊமைப்படங்களின் காலம் முடிந்து கொண்டிருந்தது. கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள். கருவிகளை விற்றார். ஸ்டூடியோவை மூடினார்.

அவருடைய உறவினரான நாகர்கோவில் சுந்தரராஜ் அடுத்ததாக மார்த்தாண்ட வர்மா என்ற படத்தை எடுத்து 1933-ல் வெளியிட்டார். சி.வி. ராமன் பிள்ளையின் நாவல் அது. நாவலின் உரிமை வைத்திருந்த கமலாலயா புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்தார்கள். அதே காப்பிட்டல் தியேட்டரில் சில நாட்கள் ஓடிய படம் பறிமுதல் செய்யப்பட்டது. மலையாள நாட்டின் முதல் இரண்டு படங்களையும் எடுத்த குமரித் தமிழர்கள் இருவருமே கையைச் சுட்டுக் கொண்டார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. புத்தகக் கம்பெனியின் அறையில் கிடந்ததால் மார்த்தாண்ட வர்மா பிழைத்தது. பின்னாளில் அதைக் கண்டெடுத்துப் புனாவில் உள்ள தேசிய பிலிம் ஆவணக் காப்பகத்தில் சேர்த்தார்கள்.

விகதகுமாரனுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. பிலிம் சுருள்கள் டேனியலின் வீட்டில்தான் இருந்தன. அக்காலத்துப் பிலிம் எளிதில் தீப்பற்றும் இரசாயனத்தால் ஆனது. அவருடைய இளைய மகன் சிறு பையனாக இருந்தபோது, பிலிம் எரியும்போது தோன்றும் வெளிச்சத்தைக் கண்டு வேடிக்கையாக ஒவ்வொரு சுருளாகக் கொளுத்தி விளையாடிவிட்டான். தகப்பனார் சொத்தை விற்று எடுத்த படம் பிள்ளையின் விளையாட்டில் சாம்பலாயிற்று. இன்று அதன் ஓர் அடிகூட மிச்சமில்லை.

பல் வைத்தியர் டேனியல்

கலை கைவிட்ட பிறகு வயிறு இருக்கிறதல்லவா? டேனியல் பல் வைத்தியம் கற்றுத் தமிழ்நாட்டில் தொழில் நடத்தினார். கை ராசியான வைத்தியர் என்று பெயர் வாங்கி ஓரளவு சம்பாதித்தார். அச்சமயம் நடிகர் பி.யு. சின்னப்பாவின் பழக்கம் ஏற்பட்டது என்றும், மீண்டும் படம் எடுக்கும் ஆசை தூண்டப்பட்டுச் சென்னைக்குப் போய்ச் சேர்த்த பணத்தையும் இழந்தார் என்றும் சொல்வதுண்டு. முடிவில் அகஸ்தீஸ்வரத்துக்கே திரும்பினார். நோயும் வறுமையும் அவரைச் சூழ்ந்தன.

இதற்கிடையே நாட்டின் எல்லைக்கோடு மாறிவிட்டது. 1956 நவம்பர் 1-ந் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. அகஸ்தீஸ்வரம் உட்பட நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. தமிழர்கள் போராடிப் பெற்ற வெற்றி அது. ஆனால் டேனியலைப் பொறுத்த வரையில், அவர் வாழ்ந்த வீடு ஒரு மாநிலத்திலும் உழைத்த ஊர் இன்னொரு மாநிலத்திலுமாகப் போயிற்று.

சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் அகஸ்தீஸ்வரம் வந்து அவரைக் கண்டுபிடித்தார். மலையாளச் சினிமாவின் முதல்வர் இப்படி மறந்து போகப்பட்டிருக்கிறாரே என்று மனம் நொந்து தொடர்ந்து எழுதினார். நலிந்த கலைஞர்களுக்கான உதவித் தொகையை அவருக்கு வாங்கித் தரக் கேரள அதிகாரிகளிடம் பலமுறை நடந்தார். பலன் கிட்டவில்லை. டேனியல் பிறந்ததும் வாழ்வதும் தமிழ்நாட்டில், ஆகவே அந்த அரசிடம்தான் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. விகதகுமாரன் ஊமைப்படம், அதில் மலையாளம் ஏது என்ற வாதமும் கிளம்பியது. 1938-ல் வந்த பாலன் என்ற பேசும் படமே முதல் மலையாளப் படம் என்றார்கள். அந்தப் பாலனை எடுத்தவர் யார்? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம்! ஊமைப் படமானாலும் பேசும் படமானாலும் தமிழர் கை படாமல் மலையாளச் சினிமா துவங்கவில்லை.

1975 ஏப்ரலில் டேனியல் காலமானார். கேரளத்திலிருந்து எந்தக் கௌரவமும் அவர் உயிரோடு இருந்தவரை வரவில்லை. தமிழ்நாடும் அவரைக் கொண்டாடியதாகச் சொல்ல முடியாது. மலையாளப் படம் எடுத்தவர் நமக்கு எதற்கு என்று இருந்துவிட்டது போலும்.

காலங்கடந்த மரியாதை

சேலங்காட்டு விடாமல் எழுதி வந்தது வீண் போகவில்லை. கேரள அரசு 1992-ல் டேனியல் பெயரால் விருதை ஏற்படுத்தியது. முதல் விருதைத் தயாரிப்பாளர் டி.இ. வாசுதேவன் பெற்றார். 2013-ல் டைரக்டர் கமல், டேனியலின் வாழ்க்கையைச் செல்லுலாயிட் என்ற பெயரில் படமாக எடுத்தார். பிருத்விராஜ் டேனியலாக நடித்தார். அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் கேரளத்தில் பலருக்கு விருதின் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தது தெரிந்தது. ரோசியின் பெயரில் 2019-ல் கேரளத் திரைப்படப் பெண்கள் ஒரு பிலிம் சொசைட்டி தொடங்கினார்கள். தம் படத்தின் துவக்க விழாவில் வெளியே நிறுத்தப்பட்ட பெண்ணுக்கு அந்த அளவில் நியாயம் கிடைத்தது.

டேனியல் எந்த மாநிலத்தவர் என்று இனி விவாதிப்பதில் பயனில்லை. அவர் தாய்மொழி தமிழ். தொழில் செய்த ஊர் திருவனந்தபுரம். இரண்டும் ஒரே மனிதருக்கு இருக்கக் கூடாதா? சாலைக் கடைத்தெருவிலும் தம்பானூரிலும் அலுவலகங்களிலும் பட்டறைகளிலும் உழைக்கும் தமிழர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். வியர்வை சிந்துவது ஓர் ஊரில், ரேஷன் கார்டு வேறோர் ஊரில் என்று இருப்பவர்களை, கஷ்டம் வரும்போது இரண்டு ஊரும் அடுத்த ஊரைக் கை காட்டுவது இன்றும் நடக்கிற சங்கதிதான்.

கதையில் காணாமல் போன சந்திரகுமாரை முதுகுத் தழும்பு காட்டிக் கொடுத்தது. டேனியலுக்கு அவர் செய்த வேலைதான் அடையாளம். அதை ஊரார் கண்டு கொள்ள அவர் இறந்து 17 ஆண்டுகள் ஆயின.